22-ஆம் நம்பர் (மிகப் பொடி) தூண்டில் முள்ளில் நீட்டு உடல் செயற்கை ஈ கட்டுவது எப்படி?

ஓடைக்காரன்: நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பக்கம் டிரௌட் மீன் பிடிக்கப் போகிறேன். உடல் முள்ளைத் தாண்டிப் பின்னால் நீளும் டிரை ஃப்ளையை, அதாவது நீர்மேல் மிதக்கும் ஈயை, பொடிசாகக் கட்ட வேண்டும். மான் முடி பருமனாகிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பழைய தூண்டில்: மான் முடியை விடுங்க, பெரிய ஈக்குத்தான் அது சரி. உங்கள் கேட்ஸ்கில்லிலேயே ஈ கட்டுவதில் பேர்போன ஹாரி டார்பி காட்டிய இரண்டு இறகு முறை இருக்கிறதே! சேவல் இறகை நனைத்து, நுனியில் சில இழைகளை வாலுக்கு விட்டு, அதற்குக் கீழே உள்ளவற்றை அடிப்பக்கமாகத் தடவி ஒட்டவைத்து, அந்த இடத்தை முள்ளில் கட்டினால் உடல் ரெடி, எடையே இருக்காது. வாலுக்கு நடுவில் நிற்கும் இறகுத் தண்டின் நுனியை வெட்டிவிடுங்கள். இரண்டாவது இறகை ஈயின் கழுத்தில் சுற்றினால் முடிந்தது.

மீன்கொத்தி: தண்டு குட்டையான முள்ளாக வாங்குங்கள், வாய் (தண்டுக்கும் கூர்முனைக்கும் உள்ள இடைவெளி) அகலமாகவும் இருக்கட்டும், இல்லையென்றால் மீன் சரியாக மாட்டாது.

ஓடைக்காரன்: சரி, பசை?

பழைய தூண்டில்: ஊசி முனையில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அப்புறம் உடல் கோணலாக நின்றால் வீசும்போது ஈ சுழன்று தூண்டில் நரம்பின் மெல்லிய நுனிப்பகுதியான டிப்பெட்டை முறுக்கிவிடும், கட்டி முடித்ததும் நேராக இருக்கிறதா என்று மேலிருந்து பாருங்கள்.