புதுப்பிப்பு: எங்கள் ட்ரெல்லோ பலகை நகரத் தொடங்கிவிட்டது

ஐந்து பேர் குழுவுக்கு எந்தத் திட்ட மேலாண்மை மென்பொருளில் தொடங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ட்ரெல்லோவையே எடுத்தோம். செய்யவேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என்று மூன்றே பட்டியல்கள்.

தொடக்கத்தில் ‘இணையதள வேலை’ என்று ஒரே கார்டு (ஒரு வேலைக்கான சீட்டு) போட்டிருந்தேன். பத்து நாள் அது அசையவே இல்லை. அப்புறம் ‘முகப்புப் படம் தேர்வு’, ‘தொடர்புப் படிவம் சோதனை’ என்று உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு கடைசித் தேதி போட்டேன். மறுநாளே இரண்டு கார்டுகள் நகர்ந்தன!

‘நடப்பவை’யில் ஒருவருக்கு இரண்டு கார்டுகளுக்கு மேல் கூடாது என்று சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. டொயோட்டாவில் உருவான, வேலைகளைக் கார்டுகளாகப் பலகையில் நகர்த்தும் கான்பான் முறைக்கு இந்த வரம்புதான் உயிர்நாடி என்று இப்போது புரிகிறது.

வேலைகளைக் காலக்கோட்டில் பட்டைகளாகக் காட்டும் கேன்ட் விளக்கப்படம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்ற சங்கிலி நீளும்போது பார்த்துக்கொள்கிறோம்.