முதலில் சொல்லட்டையா, எழுத்தா? ஆட்டிசக் குழந்தைகளுக்கு வாசிப்பு

கேள்வி: ஆறு வயது, பேச்சு குறைவு, பஸ் போர்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எதிலிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
போர்டிலிருந்தே தொடங்குங்கள். ‘பெரியார்’, ‘மாட்டுத்தாவணி’, ‘ஆரப்பாளையம்’ என்று மதுரை பஸ் நிலையப் பெயர்கள் மூன்றை எழுதிய அட்டை போதும். முதலில் அட்டையோடு அதே அட்டையைச் சேர்ப்பது, பிறகு பெயர் சொன்னால் எடுத்துக் கொடுப்பது. வாயால் சொல்வது கடைசி. பேச்சு வராத பிள்ளைக்கு அது தேவையே இல்லை. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். தப்பாக எடுக்கும்வரை காத்திருக்காமல் முதலில் உடனே சரியான அட்டையைச் சுட்டிக்காட்டுங்கள், அடுத்தடுத்த தடவைகளில் இரண்டு, நான்கு விநாடி தாமதித்துக் காட்டுங்கள்.

மேலூர் டீச்சர்:
அண்ணே, இதை ஏற்க முடியாது. போர்டில் ‘மாட்டுத்தாவணி’யைக் காட்டும் பிள்ளை ‘மாடு’ அட்டையைக் கண்டு விழித்தால், அது வாசிப்பே இல்லை. முதலெழுத்தையோ அட்டையின் மடங்கிய மூலையையோதான் பிடித்திருக்கும்.

247 எழுத்து என்று மலைக்கவும் வேண்டாம். ப, ட, ம, புள்ளி, கால் (ா) இவ்வளவை வைத்தே படம், பாடம், மடம், மாடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். எழுத்துவில்லைகளை, அதாவது ஒவ்வொரு எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எழுதிய சிறு துண்டுகளைக் கொடுத்துச் சொல்லை அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கும்போது நடு எழுத்தையும் கடைசி எழுத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

வைகைக்கரை:
எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளை ‘மாடம்’ என்று தடங்கலில்லாமல் படிக்கும், மாடத்தைக் காட்டு என்றால் தெரியாது. ஹைப்பர்லெக்ஸியா என்று 1967-லேயே பெயர் வைத்தது இதற்குத்தான். எழுத்திலேயே லயித்துப்போகும் பிள்ளைக்கு மேலும் எழுத்தையே ஊட்டினால் பொருள் பின்தங்கிவிடும். இன்னொன்று, ‘பெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘பொ’வில் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கும் பிள்ளை அங்கே நின்றுவிடும். காலுக்கும் ‘ர’வுக்கும் குழப்பம் வேறு.

மேலூர் டீச்சர்:
கொம்பு விஷயம் சரி. அதனால் ‘பெ’, ‘பொ’ இரண்டையும் உடைக்காமல் ஒரே வில்லையாகக் கொடுங்கள், அதுவும் கால், இகர, உகரக் குறிகள் பழகிய பிறகு. பொருளுக்கு ‘கை தட்டு’, ‘பந்து எடு’ என்று அட்டை காட்டுங்கள். வாய் திறக்காமல் செய்து காட்டட்டும். சொல்லட்டையிலிருந்து தொடங்குவதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திருமங்கலம்:
எந்த வழியானாலும் முதல் சொற்கள் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கட்டும்: இட்லி, பூ, மாடு, பந்து, பாட்டி. வீட்டில் ‘தண்ணி’ கேட்கும் பிள்ளையிடம் ‘தண்ணீர்’ அட்டையை நீட்டினால் அது வேறு பொருள் என்றே எடுத்துக்கொள்ளும். படமும் எழுத்தும் ஒரே அட்டையில் வேண்டாம். படத்தைப் பார்த்தே பதில் வந்துவிடும்.

வைகைக்கரை:
படத்தைத் தனி அட்டையாக்குவது நல்லது. டீச்சர், ஐந்து சொல்லட்டை பிடிபட்டதும் அதே ஐந்தை வில்லையாக வெட்டி அடுக்கவிட்டால்? வரிசை என்னுடையது, வில்லை உங்களுடையது.

மேலூர் டீச்சர்:
வெட்டலாம். ஆனால் அட்டைக்கு அட்டை எழுத்தின் அளவும் நிறமும் மாறட்டும், இல்லையென்றால் மறுபடி அந்த மடங்கிய மூலைதான்.