கொசஸ்தலை ஆற்றுக் கரை ஊறுது: வெளிப்பக்கம் அடைக்கலாமா?

கேள்வி (மணலி_புதுநகர்):
ஆறு பாதி ஏறினாலே ஊர்ப்பக்கக் கரையின் அடியில் சுமார் 15 மீட்டர் நீளத்துக்கு ஊறுது. கரை மேல சீமைக்கருவேலம், சரிவில் எலி வளை. தார்ப்பாய் விரிச்சு களிமண் கொட்டி வெளியே அடைச்சுடலாம்னு பேச்சு இருக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வேலை முடியணும். சரியா வருமா?

கரைமண்:
வெளியே அடைக்கவே கூடாது. உள்ளே தண்ணி தேங்கி அழுத்தம் ஏறும், சரிவு மொத்தமா வழுக்கி விழும். தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது, அவ்வளவுதான். ஊறுற இடத்தில் புல்லை எடுத்துட்டு 30 செ.மீ. பருமணல், அதுமேல 30 செ.மீ. 20 மி.மீ. ஜல்லி, கடைசியா கருங்கல். ஊறுற இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் 2 மீட்டர் வரை சேர்த்துப் போடுங்க. வழியுற தண்ணிக்கு அடியில் ஒரு சின்ன கால்வாய். அடைப்பு வேணும்னா ஆற்றுப் பக்கம்தான்.

மணலி_புதுநகர்:
பருமணலுக்குப் பதிலா கிரஷர் தூசு போடலாமா சார்? விலை பாதி.

கரைமண்:
வேணாம். அந்த மாவு ஒரே மழையில் இறுகிடும், நீங்களே அடைச்ச மாதிரி ஆகிடும். கழுவின எம்-சாண்ட் (கல்லை உடைச்சு எடுக்கிற மணல்) போதும்.

சடையங்குப்பம்_மதகு:
கருவேலத்தை வெட்டிட்டு வேரை விட்டா, அது மக்கினதும் குழாய் மாதிரி வழி விழும். விரல் கனத்துக்கு மேல உள்ள வேரெல்லாம் தோண்டணும். எலி வளையையும் கடைசி வரை தோண்டிப் பாருங்க, வாயில் மட்டும் மண் அடைக்கிறது வீண்.

திரும்ப நிரப்பும்போது பழைய சரிவைப் படி படியா வெட்டி, 20 செ.மீ. அடுக்கா போட்டு இடிக்கணும். ஈரம் பதமா இருக்கானு கையில் பிடிச்சுப் பாருங்க: உருண்டை நிக்கணும், கையில் ஒட்டக்கூடாது. மொத்தமா கொட்டி ஜேசிபி பக்கெட்டால தட்டிட்டுப் போறதுதான் இங்க நடக்குது. முதல் வெள்ளத்திலேயே அமுங்கும்.

இன்னொண்ணு, கழிமுகத்துக்குக் கிட்ட எடுக்கிற களி உப்பேறி இருக்கலாம். சுண்டைக்காய் அளவு கட்டியை ஒரு தம்ளர் பேட்டரித் தண்ணியில் (ஆசிட் இல்ல, காய்ச்சி வடிச்ச தண்ணி) போட்டு அசைக்காம வையுங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள சுத்திப் பால் மாதிரி கலங்கினா அந்த மண்ணை விட்டுடுங்க. சுண்ணாம்பு கலந்து தேத்தலாம், ஆனா ஆய்வகத்தில் அளவு பார்த்துத்தான்.

ஓதம்:
வெள்ளம் வந்த அன்னைக்கு: தெளிஞ்ச தண்ணி வந்தா கண்காணிச்சா போதும். கலங்கலா, மணலைக் கொப்பளிச்சுக்கிட்டு வந்தா ஆபத்து. ஊற்றைச் சுத்தி மூட்டையால கிணறு மாதிரி வளையம் கட்டுங்க. மணல் வர்றது நிக்கிற உயரம் போதும், மேலே வழிய விடணும். மூட்டை பாதிதான் நிரப்பணும், வாயை மடிச்சு அடியில் வைக்கணும், செங்கல் மாதிரி மூட்டு மாத்தி அடுக்கணும்.

கரைக்குள்ள போற மழைநீர்க் குழாயின் ஆற்றுப் பக்க மூடியையும் பாருங்க. எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறுற நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினாலே அது மூடாது, ஆறு குழாய் வழியா ஊருக்குள்ள வந்துடும். குழாய்க்கு நேர் மேலே கரை குழிஞ்சிருந்தா, ஓரமா மண் போகுதுன்னு அர்த்தம். அதைத்தான் முதல்ல சரி பண்ணணும்.

கரைமண்:
ஆமா, குழாயை விட்டுட்டேன். நீர்வளத்துறைக்கு எழுதிக் கொடுக்காம கரையில் மண்வெட்டி வைக்காதீங்க.