மறுமொழி: நகர விளிம்புச் சேவைகள் – ‘பகிர்வு’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க நகரங்களின் விளிம்பில் நகரமும் கவுண்டியும் செய்துகொள்ளும் சேவை ஏற்பாடுகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. (கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சி அடுக்கு.) தனித்தனியாகப் பதில் எழுதாமல் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

> நகரமும் கவுண்டியும் சேவைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே ‘சேவைப் பகிர்வு’. இதில் என்ன சிக்கல்?

பகிர்வு என்ற சொல்லில்தான் சிக்கல் ஐயா. யார் கொடுக்கிறார், யார் காசு கட்டுகிறார் என்பதை அது மறைத்துவிடுகிறது. இந்தத் துறையில் எல்லாரும் முதலில் எடுத்துப் பேசுவது கலிஃபோர்னியாவின் லேக்வுட். லாங் பீச்சை ஒட்டிய வயல்வெளியில் 1950 முதல் சில ஆண்டுகளுக்குள் 17,500 வீடுகள் கட்டி விற்றார்கள். லாங் பீச் நகரம் அந்தக் குடியிருப்பைத் துண்டு துண்டாகத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. குடியிருந்தவர்கள் அதை விரும்பவில்லை. 1954இல் வாக்கெடுத்துத் தனி நகரமானார்கள். ஆனால் புது நகரத்திடம் காவலர் இல்லை, சாலை போடும் ஆட்கள் இல்லை. எல்லாவற்றையும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிடம் ஒப்பந்தம் போட்டு விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். கவுண்டியின் காவல்துறையான ஷெரிஃப் துறை ரோந்து வரும், நகரம் பணம் கட்டும்.

இதில் பகிர்வு எங்கே இருக்கிறது? இது வாங்கல் விற்றல். அதனால் இந்த வகைக்குச் ‘சேவைக் கொள்முதல்’ என்கிறேன். நெல் கொள்முதல் நிலையம் என்று பேருந்தில் போகும்போதே பலகை பார்க்கிறோம், புரியாத சொல் இல்லை. அப்படி வாங்கும் ஊருக்கு நண்பர் ஒருவர் சொன்ன ‘ஒப்பந்த நகரம்’ போதும். ‘கொள்முதல் நகரம்’ என்றால் அங்கே நெல்தான் கொட்டிக் கிடக்கும்.

விலை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே பல ஆண்டுகளாக நடந்த சண்டையே விலையைப் பற்றியதுதான். சொந்தமாகக் காவல்துறை வைத்திருக்கும் பழைய நகரங்கள், ‘எங்கள் மக்களும் கவுண்டி வரி கட்டுகிறார்கள், அந்தப் பணத்தில் ஒப்பந்த நகரங்களுக்குச் சலுகை விலையா? எங்களுக்கு இரட்டை வரியா?’ என்று கேட்டன. கவுண்டியின் பொது நிர்வாகச் செலவில் எவ்வளவை ஒப்பந்த விலையில் ஏற்றலாம் என்பது சட்டமன்றம் வரை போனது. ‘பகிர்வு’ என்று எழுதிவிட்டால் வாசகருக்கு இந்தச் சண்டை ஏன் வந்தது என்றே புரியாது.

> அன்இன்கார்ப்பரேட்டட் ஏரியா – ‘ஊராட்சிப் பகுதி’ எனலாமே?

கூடாது என்பது என் கருத்து. எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் வராத பகுதி அது. தமிழ்நாட்டில் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ வெளியே போனால் பெரும்பாலும் ஓர் ஊராட்சிக்குள்தான் கால் வைப்பீர்கள். அங்கே தேர்ந்தெடுத்த தலைவர் இருப்பார், கிராமசபை கூடும். அமெரிக்காவில் நாம் பேசும் இந்தப் பகுதிகளில் பல இடங்களில் அப்படி ஓர் அடுக்கே இல்லை. கவுண்டியே நேரடி உள்ளாட்சி. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் இடம். அதற்கு மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. 2012இல் தனி நகரமாக முயன்றபோது, வருவாய் செலவுக்குக் கட்டாது என்று, நகர எல்லைகளை முடிவுசெய்யும் எல்லை ஆணையம் மறுத்துவிட்டது. அதை ‘ஊராட்சி’ என்றால் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னதாகிவிடும். ‘நகராட்சி சேராப் பகுதி’ என்றால் எது இல்லை என்று மட்டும் தெரிகிறது. ‘கவுண்டி நேராட்சிப் பகுதி’ என்றால் யார் பொறுப்பு என்பதும் தெரியும். நீளம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கவுண்டியை ‘மாவட்டம்’ ஆக்குவதற்கும் நான் எதிர். மாவட்டம் என்றதும் ஆட்சியர் நினைவுக்கு வருவார், அவர் நியமிக்கப்படுபவர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியை ஆள்வது தேர்தலில் வென்ற ஐந்து பேர் கொண்ட வாரியம். ஷெரிஃபும் தேர்தலில் நின்று வருபவரே.

நகரங்கள் சுற்றி வளர்ந்து, நடுவே விட்டுப்போன நேராட்சித் துண்டை அங்கே தீவு என்கிறார்கள். ‘கவுண்டித் திட்டு’ என எழுதலாம். வசவு என்ற பொருளும் வருகிறதே என்று கிண்டல் வரும். தெருவின் இந்தப் பக்கம் நகரக் காவலர், அந்தப் பக்கம் ஷெரிஃப் என்று இருக்கும் இடத்தில் அவசர உதவிக்குக் கூப்பிட்டவருக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

> அனெக்சேஷன் = இணைப்பு. நாளிதழ்களில் நிலைத்த சொல்.

நிலைத்ததுதான் அம்மா, ஆனால் இங்கே காலை வாரிவிடும். பல அமெரிக்க நகரங்கள் எல்லைக்கு வெளியே உள்ள வீட்டுக்குக் குழாய் நீர் தர ஒரு நிபந்தனை வைக்கும்: பின்னாளில் உங்கள் இடத்தை நகரத்தோடு சேர்க்கும்போது மறுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். இதைத் தமிழில் எழுதினால், ‘இணைப்பு வேண்டுமானால் இணைப்புக்குச் சம்மதிக்க வேண்டும்’! குடிநீருக்கு ‘இணைப்பு’ இருக்கட்டும். நிலத்துக்கு ‘எல்லைச் சேர்ப்பு’ என வைப்போம். நகரம் இப்படி வெளியே நீர் கொடுப்பது ‘எல்லை கடந்த வழங்கல்’. பெரும்பாலும் உள்ளூர்க் கட்டணத்தைவிடக் கூடுதலாக வாங்குவார்கள்.

இரு தரப்பும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கி நடத்தினால் மட்டும் ‘கூட்டுச் சேவை’. பல ஊர்களுக்குச் சேர்த்துச் செய்யும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்குப் பழகிய பெயர்தானே. தீயணைப்பு வண்டி எல்லை தாண்டி வந்து உதவுவது ‘பரஸ்பர உதவி’, அதில் புதிதாக உருவாக்க ஒன்றுமில்லை.

அப்புறம், ‘நகர விளிம்பு’தான் சரி. ‘புறநகர்’ வேண்டாம், லேக்வுட் மாதிரிப் புறநகர் தனி நகரமாகவே இருக்கலாம். சிலப்பதிகாரத்துப் ‘புறஞ்சேரி’யைக் கொண்டுவந்த அன்பருக்கு நன்றி. அழகான சொல். ஆனால் ‘சேரி’ இன்று சுமக்கும் பொருளோடு அதை அரசு அறிக்கையில் எழுத முடியாது.

‘ஸ்ஃபியர் ஆஃப் இன்ஃப்ளுயன்ஸ்’ என்பதைச் ‘செல்வாக்கு வட்டம்’ என்று போட்டிருக்கிறார்கள். படித்தால் யாரோ வட்டச் செயலாளரின் பேட்டை போல இருக்கிறது. ஒரு நகரம் நாளை எதுவரை விரியலாம், எதுவரை சேவை தரலாம் என்று எல்லை ஆணையம் வரைந்து வைக்கும் கோடு அது. கலிஃபோர்னியாவில் 1963 முதல் கவுண்டிதோறும் இந்த ஆணையம் உண்டு. ‘வருங்கால எல்லை’ என்றாலே போதும்.

மொத்தத்துக்கும் ஒரு பொதுச்சொல் வேண்டும் என்று இழையைத் தொடங்கியவர் கேட்டிருந்தார். ‘நகர–கவுண்டி சேவை ஏற்பாடு’ என்பது என் முன்மொழிவு. ‘ஏற்பாடு’ என்றால் விற்பனையும் அடங்கும், கூட்டும் அடங்கும், உதவியும் அடங்கும். தலைப்புக்கு இதை வைத்துக்கொண்டு, உள்ளே அந்தந்த வகைப் பெயரைப் போடுங்கள்.

மறுப்பு இருந்தால் வரும் ஞாயிறுக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடலாம். குடிநீருக்கென்றும் கழிவுநீருக்கென்றும் தனித்தனியாக வரி வாங்கும் ‘ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட்’டை மட்டும் இதில் சேர்க்கவில்லை. அங்கே மறுபடி ‘மாவட்டம்’ வந்து நிற்கும். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.