டெஸ்ட் ஓட்டினால் மட்டும் லோக்கல் செட்டிங்ஸ் காலியாக வருகிறது: எது சரியான வழி?

அஸூர் ஃபங்ஷன்ஸில் (சர்வரை நாமே பராமரிக்காமல் கோடை ஓட்டும் மைக்ரோசாஃப்ட் கிளவுட் சேவை) வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி. டாட்நெட் 8, ஐசோலேட்டட் மாடல் (நம் கோட் தனி பிராசஸில் ஓடும் முறை).

சொந்தக் கணினியில் ஓட்ட 'ஃபங்க் ஸ்டார்ட்' கட்டளை கொடுத்தால் எல்லாம் சரி. லோக்கல்.செட்டிங்ஸ்.ஜேசானில் 'வேல்யூஸ்' பகுதியில் உள்ளவற்றை கோர் டூல்ஸ் (அந்தக் கட்டளையைத் தரும் கருவி) என்விரான்மென்ட் வேரியபிள்களாக ஏற்றிவிடுகிறது. யூனிட் டெஸ்டில் கோர் டூல்ஸ் தொடங்கும் ஹோஸ்ட் (ஃபங்ஷன்களை இயக்கும் புரோகிராம்) ஓடுவதில்லை. ஆகவே அதே கீ 'நல்' ஆக, அதாவது மதிப்பே இல்லாமல், வருகிறது. காரணம் புரிகிறது, தீர்வில்தான் குழப்பம்.

கான்ஃபிகரேஷன் பில்டரில் ஜேசான் ஃபைலை நேரடியாகச் சேர்த்தால் கீயின் பெயரே மாறிவிடுகிறது: 'வேல்யூஸ்' என்ற முன்னொட்டும் கோலனும் சேர்ந்துகொள்கின்றன. புரொடக்‌ஷனில் அந்த முன்னொட்டு கிடையாது. டெஸ்டுக்காக மெயின் கோடை மாற்ற மனம் வரவில்லை. 'வேல்யூஸ்' பகுதியை மட்டும் கெட்‌செக்‌ஷன் மூலம் எடுத்து, ஒவ்வொரு கீயையும் டெஸ்ட் தொடங்கும் முன் என்விரான்மென்ட் வேரியபிளாக வைப்பது வேலை செய்கிறது. ஆனால் அவை முழு பிராசஸுக்கும் பொது என்பதால், இணையாக ஓடும் டெஸ்டுகள் ஒன்றின் மதிப்பை இன்னொன்று மாற்றிவிடலாம்.

இன்-மெமரி கலெக்‌ஷனில் ஏற்றி ஐகான்ஃபிகரேஷனாக (கோட் செட்டிங்ஸைப் படிக்கும் இன்டர்ஃபேஸ்) கொடுப்பதே மேல் என்று தோன்றுகிறது. உங்கள் பிராஜெக்ட்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

இன்னொன்று: 'வேல்யூஸ்' உள்ளே ஸ்ட்ரிங் மட்டுமே செல்லும், அரே கொடுக்க முடியாது. கீயின் பின்னால் இரட்டை அண்டர்ஸ்கோரும் 0, 1 என எண்ணும் போட்டுச் சமாளிக்கலாம். பத்துப் பதினைந்து வரி ஆகிவிட்டால் பார்க்கவே சகிக்கவில்லை. தனி ஆப்செட்டிங்ஸ் ஃபைல் வைத்தவர்கள், ட்ரிகர் பைண்டிங்குக்கான (ஃபங்ஷனைத் தொடங்கிவைக்கும் இணைப்பு) கீகளை எங்கே வைத்தீர்கள்?