ரீகாவில் கொளுத்தினது கிறிஸ்துமஸ் மரமா?

பனங்கருக்கு: உலகத்தின் முதல் கிறிஸ்துமஸ் மரம் 1510-ல் லாட்வியாவின் ரீகா நகரில் வைத்தது என்று நம் குழுவின் மெழுகுவத்தி சார் நேற்று இங்கே ஒரு பதிவு அடித்துவிட்டிருக்கிறார். அதற்கு லைக் வேறு குவிகிறது. அய்யா, கருந்தலையர் சங்கத்து வணிகர்கள் அந்த மரத்தைச் சந்தைக்குத் தூக்கிப்போய், சுற்றி ஆடிவிட்டுக் கொளுத்திவிட்டார்கள். கொளுத்தின மரம் எப்படிக் கிறிஸ்துமஸ் மரம் ஆகும்?

மெழுகுவத்தி: அந்த இடத்திலேயே எட்டு மொழியில் கல் பதித்திருக்கிறார்கள். ரீகாக்காரனைவிட உங்களுக்குத் தெரியுமோ?

பனங்கருக்கு: காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பக்கத்து எஸ்தோனியாக்காரன் தன் தலைநகர் தாலினில் 1441-லேயே வைத்தோம் என்கிறான். அங்கேயும் அதே சங்கம்தான். தாலின் பாதிரியார் பல்தசார் ருசோவ் 1584-ல் எழுதி வைத்ததும் இதேதான்: சந்தையில் மரம், வாலிபரும் பெண்களும் ஆட்டம், கடைசியில் தீ. மறுபடி தீ!

சவுக்குத்தோப்பு: அப்போ சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர்? நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார் என்று சண்டே ஸ்கூலில் சொன்னார்களே.

பனங்கருக்கு: லூத்தர் 1546-ல் இறந்தார். அவர் காலத்து ஏடு எதிலும் அந்தக் கதை கிடையாது. இப்போது பிரான்சில் இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து 1605 குறிப்பைப் படியுங்கள். வீட்டுக் கூடத்தில் ஊசியிலை மரம், அதில் கலர் காகித ரோஜா, ஆப்பிள், மெல்லிசு அப்பம், ஜிகினா, சர்க்கரை. மெழுகுவத்திக்கு அங்கே வேலையே இல்லை (உங்களைச் சொல்லவில்லை மெழுகுவத்தி சார்). இது மரம். யாரும் கொளுத்தவில்லை.

மெழுகுவத்தி: கொளுத்தவில்லை என்று அதில் எழுதியிருக்கிறதா? எங்கள் வீட்டில் வைக்கிற சவுக்குக் கிளை ஜனவரியில் அடுப்புக்குத்தான் போகும். அதுவும் கிறிஸ்துமஸ் மரம் இல்லையா? 1521-லேயே, ஸ்ட்ராஸ்பூர்க் பக்கத்துச் செலெஸ்தா நகரக் கணக்கில், கிறிஸ்துமஸ் சமயத்தில் மரத்தை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வனக்காவலருக்கு 4 ஷில்லிங் கொடுத்த பதிவு இருக்கிறது. உங்கள் 1605-ஐ எங்கே வைக்கப்போகிறீர்கள்?

பனங்கருக்கு: அது காவல் கூலி. நான் கேட்டது கொளுத்தினதைப் பற்றி.

எரேமியா பத்து: எல்லாமே அஞ்ஞானிகளின் பழக்கம். காட்டு மரத்தை வெட்டி, வெள்ளி பொன்னால் அலங்கரித்து, அசையாதபடி ஆணி அடிப்பதை எரேமியா 10:3,4 கண்டிக்கிறது. வேதம் படியுங்கள்.

சவுக்குத்தோப்பு: அது தச்சன் செதுக்கின விக்கிரகத்தைப் பற்றியது பிரதர். அடுத்த வசனத்தையும் படியுங்கள், அது பேசாது, அதைச் சுமக்க வேண்டும் என்று வருகிறது. போகட்டும், போன வருஷம் இங்கேயே பிளாஸ்டிக் மரத்தோடு போட்டோ போட்டது யார்?

எரேமியா பத்து: அது பிள்ளைகள் வைத்தது. குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

பனங்கருக்கு: பிளாஸ்டிக் பஞ்சாயத்து அப்புறம். மெழுகுவத்தி இன்னும் பதில் சொல்லவில்லை. டிசம்பர் 25 விவாதத்திலும் இப்படித்தான் நழுவினார்.

மெழுகுவத்தி: நானா நழுவினேன்? விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர்தான் இங்கிலாந்துக்கு மரத்தைக் கொண்டுவந்தார் என்று சாதித்தது யார்? அவருக்கு முன்னாலேயே, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி ராணி சார்லட் 1800-லேயே விண்ட்சரில் வைத்ததைக் காட்டினதும் ஆளையே காணோம்!

பனங்கருக்கு: 1848-ல் பத்திரிகையில் அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கிற படம் வந்த பிறகுதான் ஊரெல்லாம் பரவியது என்றேன். அதில் இன்றைக்கும் மாற்றமில்லை. பேச்சைத் திருப்பாதீர்கள். ரீகாவில் கொளுத்தினார்களா, இல்லையா?

மெழுகுவத்தி: கொளுத்தினார்கள். இப்போ என்ன?

பனங்கருக்கு: எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

எரேமியா பத்து: அந்தப் போட்டோவை முதலில் நீக்குங்கள்.