ஒரே தரவு, ரெண்டு முடிவு: தொற்றுப் பரவல் மொடலை எப்பிடி மதிப்பிடுறது?

கேள்வி: திருநெல்வேலி_பட்டப்பின்

வணக்கம். அடுத்த கிழமை சூமில ஒரு விவாதம் கிடக்கு: "கொவிட் எதிர்வுகூறல்கள் தோற்றதா, இல்லையா?" நாங்கள் புள்ளிவிபரவியல் பக்கம், எதிர்ப்பக்கம் சமுதாய மருத்துவப் பிள்ளையள். லண்டன் இம்பீரியல் கல்லூரி 2020 இல பிரித்தானியாவுக்குச் சொன்ன 510,000 சாவுக் கணக்கைத்தான் அவை முதல்ல தூக்குவினம். அதுக்கு என்ன மறுமொழி?

ரெண்டாவது, விளக்கிக் காட்டுறதுக்கு யாழ் மாவட்டச் சனத்தொகையை வைச்சு (2012 கணக்கெடுப்பு, ஏறத்தாழ 583,000) ஒரு எஸ்இஐஆர் மொடல் (சனத்தைத் தொற்றக்கூடியவை, தொற்றியும் இன்னும் பரப்பாதவை, பரப்புறவை, குணமானவை எண்டு நாலாப் பிரிக்கிறது) ஆர் எண்ட நிரல்மொழியில எழுதினன். கிழமைக் கணக்கு 40, 62, 95, 146, எல்லாம் கற்பனை எண்கள்தான். தொற்றுக்காலத்தை (ஒருத்தர் மற்றவைக்குப் பரப்புற நாள்கள்) 5 நாள் எண்டு வைச்சாலும் 10 நாள் எண்டு வைச்சாலும் வளைவு அச்சொட்டாப் பொருந்துது. ஆனால் கடைசியில தொற்றுற சனம் ஒண்டில 61 வீதம், மற்றதில 77 வீதம். எங்க பிழை விட்டிருக்கிறன்?

மறுமொழி 1: கொக்குவில்_கணக்கு

நிரலில பிழை இல்லை. நாலு எண்ணிட்ட அளவுக்கு மிஞ்சிக் கேக்கிறீங்கள், அதுதான் பிரச்சினை.

ஏறுமுகத்தில இருக்கிற தரவு ஒரே ஒரு விசயத்தைத்தான் சொல்லும், வளர்ச்சி வீதம். உங்கட எண்கள் கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ 1.54 மடங்கு. இயற்கை மடக்கை எடுத்து 7 ஆல பிரிச்சால் நாளுக்கு 0.062, இரட்டிக்கிறதுக்கு 11 நாள். பீட்டாவும் (பரவுற வேகம்) காமாவும் (குணமாகிற வேகம்) தனித்தனியா அதுக்குள்ள இல்லை. எஸ்இஐஆரில இனப்பெருக்க எண் (ஒரு நோயாளி சராசரியா எத்தினை பேருக்குக் குடுக்கிறார் எண்டது) வாறது இப்பிடி: (1 + வளர்ச்சி வீதம் × மறைகாலம்) × (1 + வளர்ச்சி வீதம் × தொற்றுக்காலம்). மறைகாலம் (தொற்றினதில இருந்து பரப்பத் தொடங்கும் வரைக்கும்) 3 நாள் எண்டு வைச்சு, தொற்றுக்காலம் 5 எண்டால் 1.19 × 1.31, அதாவது 1.55. 10 எண்டால் 1.19 × 1.62, அதாவது 1.92. ரெண்டும் அதே நாலு புள்ளிக்குள்ளாலதான் போகும். கடைசியில எத்தினை வீதத்துக்குத் தொற்றும் எண்டு சொல்லுற முடிவுத் தொற்றளவுச் சமன்பாட்டில போட்டால் முதலாவதுக்கு 61 வீதம், ரெண்டாவதுக்கு 77 வீதம். 583,000 சனத்தில 90,000 பேருக்கு மேல வித்தியாசம், அவ்வளவும் நீங்கள் கையால குடுத்த ஒரு எண்ணால வந்தது.

உச்சத் திகதி இன்னும் மோசம். பதிவாகிறது 5 இல் 1 எண்டு நினைச்சிருக்க உண்மையில 20 இல் 1 எண்டால், தொற்று நீங்கள் நினைச்சதை விட 4 மடங்கு முன்னுக்கு நிக்குது. 4 இன்ர மடக்கையை 0.062 ஆல பிரியுங்கோ, 22 நாள். உச்சம் மூண்டு கிழமை முந்தும், வளைவின்ர தொடக்கத்தில ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆனபடியால் தொற்றுக்காலத்தைப் பொருத்தி எடுக்காதேங்கோ, வெளியில இருந்து கொண்டு வாங்கோ. பி.எச்.ஐ. மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) எழுதுற தொடர்புத்தேடல் பதிவுகளில ஆரிட்ட இருந்து ஆருக்கு, ரெண்டு பேருக்கும் அறிகுறி தொடங்கின திகதி எண்டு சோடி சோடியாக் கிடைக்கும், தொடர் இடைவெளி (அந்த ரெண்டு திகதிக்கும் இடைப்பட்ட நாள்) அதில இருந்து வரும். பதிவு வீதத்துக்கு இரத்த எதிர்ப்பொருள் ஆய்வு வேணும். ரெண்டும் இல்லையெண்டால் ஒரு கோடு கீறிக் காட்டாமல் வீச்சாக் காட்டுங்கோ.

இன்னொண்டு. சேர்த்துக் கூட்டின மொத்த எண்ணிக்கைக்கு மொடலைப் பொருத்த வேண்டாம். வளைவு வடிவாத்தான் பொருந்தும், ஆனால் நேற்றைய பிழை இண்டைக்கும் நாளைக்கும் தொடர்ந்து வாறதால நம்பக இடைவெளி (உண்மை எண் கிடக்கக்கூடிய வீச்சு) பொய்யா ஒடுங்கிப் போகும். கிழமைப் புது எண்ணிக்கைக்கு எதிர்மறை ஈருறுப்புப் பரம்பலைப் போடுங்கோ. நிசத் தரவு கூடச் சிதறும், புவசோன் பரம்பல் இதுக்குக் காணாது.

மறுமொழி 2: பண்ணை_காற்று

மொடலுக்கு முதல் திகதியைப் பாருங்கோ. எங்கட நாட்டில தொற்றுநோய்க் கிழமை சனியில தொடங்கி வெள்ளியில முடியும். அமெரிக்கத் தரவு ஞாயிறு தொடக்கம் சனி. ரெண்டையும் ஒரே எக்செல் தாளில ஒட்டினால் ஒரு நாள் பிசகும், கூர்மையான ஏற்றத்தில அந்த ஒரு நாளே காணும்.

திகதியிலயும் மூண்டு வகை இருக்கு: அறிகுறி தொடங்கின நாள், பரிசோதனை முடிவு வந்த நாள், எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அறிவித்தல் போய்ச் சேர்ந்த நாள். முதலாவதைத்தான் எடுக்கோணும். ஆனால் அதை எடுத்தால் கடைசிக் கொஞ்ச நாள் எப்பவும் இறங்குமுகமாத்தான் தெரியும், ஏனெண்டால் அறிவித்தல் இன்னும் வந்து முடியேல்லை. அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள்ள 60 வீதம்தான் வந்து சேரும் எண்டால், 5 நாளுக்கு முந்தின 30 உண்மையில 50. இனப்பெருக்க எண்ணைக் கணிக்கிற ஆர் தொகுப்புகளில எபிஎஸ்டிம் உதைத் தானாத் திருத்தாது. எபிநவ்2 க்கு தாமதப் பரம்பலைக் குடுத்தால் திருத்தும். ஒண்டுக்கும் ஏலாட்டில் கடைசி 10 நாளை வெட்டிப்போட்டு ஓட்டுங்கோ, இல்லாட்டில் "பரவல் குறையுது" எண்டு வீணாச் சந்தோசப்படுவியள்.

யாழ்ப்பாணத்துக்கெண்டு ரெண்டு விசயம் இருக்கு. போதனா வைத்தியசாலைக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆக்களும் வருவினம். வைத்தியசாலை எண்ணிக்கையை மாவட்டச் சனத்தொகையால பிரிச்சால் வீதம் ஊதிப்போகும், வதிவிடத்தை வைச்சுப் பிரியுங்கோ. மற்றது, சித்திரை வருசப்பிறப்புக் கிழமையில எண்ணிக்கை விழுந்து அடுத்த கிழமை எழும்பினால் அது நோயின்ர அலை இல்லை, லீவு.

நேர்வு (பதிவான நோயாளி) எண் நாளுக்கு நாள் ஒரே அளவால ஏறி, நேர்மறை வீதமும் (பரிசோதிச்சவையில தொற்று இருந்தவை) கூடவே ஏறினால், பரிசோதனைக் கொள்ளளவு முட்டிப்போச்சு எண்டு அர்த்தம். அப்ப நேர்வை விட்டிட்டு வைத்தியசாலை அனுமதியைப் பொருத்துங்கோ.

மறுமொழி 3: வல்லை_வெளி

510,000 பற்றி. 2020 மார்ச் 16 இல் இம்பீரியல் கல்லூரியின் நீல் ஃபெர்குசன் குழு வெளியிட்ட 9 ஆவது அறிக்கையில் அந்த எண் எந்த நிபந்தனையோடு வருகிறது என்று வாசித்துவிட்டு விவாதத்துக்குப் போங்கள். அரசும் சனமும் எதுவுமே செய்யாவிட்டால், இனப்பெருக்க எண் 2.4 ஆகவும் தொற்றியோரில் இறப்பு 0.9 வீதமாகவும் இருந்தால், சனத்தொகையில் 81 வீதத்துக்குத் தொற்றி, பெரிய பிரித்தானியாவில் 510,000 பேரும் அமெரிக்காவில் 22 இலட்சம் பேரும் இறப்பர் என்பதே கணக்கு. மார்ச் 23 இல் பிரித்தானியா முடக்கப்பட்டது. நிபந்தனை நடக்கவில்லை, ஆகவே அந்த எண்ணைச் சரி என்றோ பிழை என்றோ சொல்ல வழியில்லை. அதே அறிக்கையில் கட்டுப்பாடுகளோடு கணக்கிட்ட அட்டவணைகள் இருக்கின்றன. ஒப்பிடுவதானால் அவற்றோடு ஒப்பிட வேண்டும்.

அந்த மொடலின் நிரல் குப்பை என்றும் சொல்வார்கள். அது தனி வழக்கு. கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லன் அந்த நிரலை ஓட்டி அறிக்கையின் முக்கிய முடிவுகளை மீளப்பெற்றதாக 2020 யூனில் செய்தி வந்தது. நிரல் அந்த எண்களைத்தான் தருகிறது என்பதற்கு அது சான்று. எடுகோள்கள் சரி என்பதற்கு அல்ல.

எதிர்ப்பக்கத்துக்கு உண்மையில் வாய்ப்பான உதாரணம் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனமான ஐஎச்எம்இ. அவர்கள் செய்தது எதிர்வுகூறலேதான். 2020 ஏப்ரல் முற்பகுதியில் ஓகஸ்ட் தொடக்கம் வரைக்கும் அமெரிக்காவில் ஏறத்தாழ 60,000 இறப்பு என்றார்கள். ஏப்ரல் முடியமுன்னரே அந்த எண் தாண்டப்பட்டது. காரணமும் பாடப்புத்தகத்துக்கு உரியது: இறப்பு வளைவு ஏறின வேகத்திலேயே இறங்கும் என்ற சமச்சீர் வடிவத்தைப் பொருத்தியிருந்தார்கள். பரவலின் பொறிமுறை அதற்குள் இல்லை. அடுத்த மாதம் மொடலுக்குள் எஸ்இஐஆரைக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் தலைப்பிலேயே 2020 இல் ஆய்வாளர்கள் அயோனிடிஸ், கிரிப்ஸ், டானர் ஒரு பக்கமும் ஆபத்துக் கணிப்பு பற்றி எழுதும் நசீம் தலெப் மறுபக்கமும் மோதினார்கள். முன்னவர்கள் தரவும் எடுகோளும் கெட்டவை, எதிர்வுகூறல் தோற்றது என்றார்கள். கொள்ளைநோய் இறப்புகள் கனத்த வால் பரம்பல் கொண்டவை (மிகப் பெரிய எண்கள் நினைப்பதை விட அடிக்கடி வரும்), அதற்கு ஒற்றை எண் எதிர்வுகூறலே பொருளற்றது, முன்னெச்சரிக்கை எடுக்க எதிர்வுகூறல் தேவையுமில்லை என்றார் தலெப். இரு பக்கமும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டால் விவாதம் வீணாகும்.

மறுமொழி 4: கோண்டாவில்_மருந்து

மேல சொன்னதில ஒண்டை என்னால ஒத்துக்கொள்ள ஏலாது. "நிபந்தனை நடக்கேல்லை" எண்டு ஒவ்வொரு தரமும் தப்பினால் எந்த மொடலையும் எப்பவுமே பிழையெண்டு காட்ட ஏலாது. நடந்த நிபந்தனையை, அதாவது முடக்கத் திகதியையும் நடமாட்டக் குறைவையும் மொடலுக்குள்ள குடுத்து, அப்ப வாற எண் உண்மையோட ஒத்துப்போகுதோ எண்டு பார்க்கலாம். அதைச் செய்யாத ஆய்வுக்குழுவை நாங்கள் கேள்வி கேப்பம்.

மற்றது, 2020 செப்ரெம்பரில இலங்கையில சமூகத்துக்குள்ள நேர்வு கிட்டத்தட்ட இல்லை. ஒக்டோபரில மினுவாங்கொட ஆடைத்தொழிற்சாலைக் கொத்தணி (ஒரே இடத்தில இருந்து பரவின தொற்றுக் கூட்டம்), பிறகு பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி. உங்கட சமன்பாடு அதுக்கு என்ன சொல்லும்? இனப்பெருக்க எண் 1.5 எண்டால் சமன்பாட்டில எப்பவும் ஏற்றம்தான். ஆனால் கொவிட்டில கொஞ்சப் பேர்தான் கனபேருக்குக் குடுக்கிறவை. சிதறல் எண் (குறையக் குறையப் பரப்பல் கொஞ்சப் பேரிட்டயே குவியும்) 0.1 எண்டு வைச்சுக் கிளைச் செயன்முறையில (ஒவ்வொரு நோயாளியும் எத்தினை பேருக்குக் குடுப்பார் எண்டதைச் சந்தர்ப்பத்துக்கு விடுற மொடல்) போட்டால், வெளியில இருந்து வாற ஒரு நோயாளியின்ர சங்கிலி தானா அணையுற சாத்தியம் 93 வீதம். எல்லாரும் ஒரே மாதிரிப் பரப்புவினம் எண்டு வைச்சால் அதே 1.5 க்கு 42 வீதம்தான். அதாலதான் கனகாலம் ஒண்டுமில்லாமல் கிடந்திட்டுத் திடீரெண்டு வெடிக்கும். நேர்வு நூறைத் தாண்ட முதல் எஸ்இஐஆரைத் தூக்கிக்கொண்டு வராதேங்கோ.

திருநெல்வேலி_பட்டப்பின்

கனக்க நன்றி. அப்ப ஒரு எதிர்வுகூறல் நல்லதோ கூடாததோ எண்டு எண்ணால காட்டுறதுக்கு என்ன வழி?

கொக்குவில்_கணக்கு

இடைவெளிப் புள்ளி. உண்மை எண் 80 வீதச் சாத்தியத்தோட உள்ள விழும் எண்டு சொல்லுற 80 வீத இடைவெளிக்கு: அகலம், அதோட உண்மை வெளியில விழுந்தால் விலகின தூரத்தின்ர 10 மடங்கு தண்டம். குறைஞ்ச புள்ளிதான் நல்லது. வாற கிழமை உண்மையில 165 எண்டு வையுங்கோ. 60 முதல் 140 எண்டு சொன்னவருக்கு 80 + 250, மொத்தம் 330. அகலமா 40 முதல் 200 எண்டவருக்கு 160. "100 தான், கூடினால் 105, குறைஞ்சால் 95" எண்டு வீறாப்பாச் சொன்னவருக்கு 10 + 600, மொத்தம் 610. பல இடைவெளிகளின்ர நிறையிட்ட சராசரியைத்தான் பல குழுக்களின்ர கொவிட் எதிர்வுகூறல்களைச் சேர்த்த அமெரிக்க எதிர்வுகூறல் மையத்தின்ர மதிப்பீட்டில எடுத்தவை. ஒவ்வொரு குழுவும் 23 வெட்டுப்புள்ளி (குவாண்டைல், எண் அதுக்குக் கீழ விழ எத்தினை வீதச் சாத்தியம் எண்டு சொல்லுறது) குடுத்தது. ஆர் மொழியில ஸ்கோரிங்யூட்டில்ஸ் எண்ட தொகுப்பு இதைச் செய்யும்.

புள்ளி தனிய நிண்டால் அர்த்தமில்லை. "போன கிழமை எண்ணே இந்தக் கிழமையும்" எண்ட அடிப்படை மொடலின்ர புள்ளியால பிரியுங்கோ. 1 க்கு மேல வந்தால் உங்கட மொடல் தேவையில்லை. அந்த மையத்தின்ர ஆய்வில அடிப்படையைத் தாண்டாத மொடல்கள் பல இருந்தது, எல்லாத்தையும் சேர்த்த கூட்டு மொடல்தான் தொடர்ந்து முன்னுக்கு நிண்டது. 20 கிழமை முன்கூட்டிச் சொல்லேக்க பிழை 1 கிழமைப் பிழையை விட 3 தொடக்கம் 5 மடங்கு. நான் எண்டால் 4 கிழமைக்கு மேல எண் குடுக்க மாட்டன்.

ஒவ்வொரு எதிர்வுகூறலையும் எழுதின திகதியோடயும், அண்டைக்குக் கையில இருந்த தரவுக் கோப்போடயும் சேர்த்துச் சேமியுங்கோ. பிறகு திருத்தி வந்த தரவில மொடலை ஓட்டினால் அது எதிர்வுகூறல் இல்லை. புள்ளி போடேக்க மட்டும் உண்மை எண்ணுக்குத் திருத்தின தரவை எடுக்கலாம், பிந்தின அறிவித்தல்கள் வந்து முடிஞ்சாப்பிறகு.